கல்லீரல் கொழுப்பும் இரத்த இரும்பும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-ஆம் ஆண்டு தொடங்கி 2016 வரை ஒரு கணக்கெடுப்பு நடைபெற்றது. திருவனந்தபுரத்து மருத்துவ ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து அதனை மேற்கொண்டனர். மாவட்டம் முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் வீடுகள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவ்வீடுகளில் வாழும், 25 வயதைக் கடந்த அனைவரும் ஆய்வுக்கு அழைக்கப்பட்டனர். 2,222 பேர் சேர்ந்தனர். அவர்களுள் 2,158 பேரைப் பற்றிய முழு விவரங்களும் கிடைத்தன. உணவுப் பழக்கம், உடலுழைப்பு, மனநிலை ஆகியவை வினாத்தாள் வழியே கேட்டறியப்பட்டன, இரத்தம் சோதிக்கப்பட்டது, மீயொலிக் கருவியின் துணையால் கல்லீரல் நோக்கப்பட்டது. மதுப்பழக்கத்தைக் காரணமாகக் கொள்ளாத கொழுப்புக் கல்லீரல் நோய் 49.8 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. உலகச் சராசரியாகக் கணக்கிடப்பட்டிருந்தது 25 விழுக்காடுதான். இவர்கள் மருத்துவமனையைத் தேடி வந்த நோயாளிகள் அல்லர். வீட்டில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இதற்கு அருகில் வேறொரு புள்ளிவிவரத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 36.3 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். நாட்டின் சராசரியான 57 விழுக்காட்டுடன் ஒப்பிட்டால் இது குறைவே. ஆயினும் முந்தைய ஆய்வின்போது இருந்ததைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது. அதே ஆய்வு, அம்மாநிலப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் உடற்பருமன் மிகுந்தவர்கள் என்றும் கூறுகிறது. எடை மிகுதியும் சோகையும் ஒரே மாநிலத்தில், பல வேளைகளில் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன.

இவ்விரு நிலைகளும் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரே எண்ணில் வந்து சந்திக்கின்றன. அந்த எண் ஃபெரிட்டின். இரும்பு குறைந்தால் அது தாழும். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அழற்சி தோன்றினால் அது உயரும். இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் அந்த எண் எதைக் காட்டும்? சோகை ஒழிப்புத் திட்டத்தை நடத்தும் அலுவலருக்கும் மருத்துவம் பயிலும் மாணவருக்கும் இக்கேள்வி ஒருபோல் முக்கியமானது.

இரும்பின் கணக்கு

வளர்ந்த மனிதனின் உடலில் இருக்கும் இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம் வரைதான். இதில் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் உள்ளது. ஆயுள் முடிந்த சிவப்பணுக்களைச் சிதைத்து, நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை உடல் மீட்டுக்கொள்கிறது. உணவிலிருந்து புதிதாகப் பெறுவதோ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. மிகுதியான இரும்பை வெளியேற்றுவதற்கென்று உடலில் தனி வழி ஏதும் இல்லை. ஆகவே, கணக்கு முழுவதும் உள்ளே விடும் வாயிலில்தான் சரிசெய்யப்படுகிறது.

அந்த வாயிலின் காவலைக் கல்லீரல் ஏற்றிருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற இயக்குநீர் 2000, 2001-ஆம் ஆண்டுகளில்தான் கண்டறியப்பட்டது. குடற்சுவரின் உயிரணுக்களிலிருந்தும், பழைய சிவப்பணுக்களைச் சிதைக்கும் விழுங்கணுக்களிலிருந்தும் இரும்பு வெளியேறுவதற்கு ஃபெர்ரோபோர்ட்டின் என்ற புரதம் கதவாக அமைகிறது. ஹெப்சிடின் அக்கதவைச் சிதைத்துவிடும். உடலில் இரும்பு நிறைந்திருந்தால் ஹெப்சிடின் கூடும், கதவு அடைபடும். இரும்பு குறைந்திருந்தால் ஹெப்சிடின் தாழும், கதவு திறக்கும்.

வெளியே வந்த இரும்பை இரத்தத்தில் ஏற்றிச் செல்வது டிரான்ஸ்ஃபெரின். ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைச் சுமக்கும். இவ்வண்டிகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்பதே டிரான்ஸ்ஃபெரின் செறிவு. பொதுவாக இது 20 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். ஃபெரிட்டின் வண்டியன்று, கிடங்கு. 24 துண்டுகளால் ஆன கூடு போன்ற அப்புரதத்திற்குள் ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். குதிரையின் மண்ணீரலிலிருந்து 1937-இல் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. எனினும், இரத்தநீரில் கலந்திருக்கும் மிகச் சிறிதளவு ஃபெரிட்டினை அளக்கும் முறை வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1972-இல்தான் உருவாயிற்று. அதன்பின், எலும்பு மச்சையைத் துளைத்து எடுக்காமலே ஒருவருடைய இரும்புச் சேமிப்பை மதிப்பிட முடிந்தது. நலமாயுள்ள ஒருவரிடம் கிடங்கின் அளவும் இரத்தத்தில் கசியும் ஃபெரிட்டினின் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ‘நலமாயுள்ள ஒருவரிடம்’ என்ற நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது.

கொழுப்பு சேர்ந்த கல்லீரலில் நிகழ்வது

உடற்பருமன் மிகும்போது, குறிப்பாக வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும்போது, இன்சுலினின் ஆணைக்கு உடல் சரிவரப் பணிவதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் தடையின்றி வெளியேறிக் கல்லீரலை அடைகின்றன. மிகுதியாக உண்ட மாவுப்பொருளும் அங்கே கொழுப்பாக மாறுகிறது. இதோடு நின்றால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. சிலரிடம் உயிரணுக்கள் வீங்கி அழற்சி தோன்றுகிறது. சேதமான இடங்களில் நார்த்திசு படிகிறது. பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்குக் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் ஏற்படுகின்றன. மது அருந்தாதவர்களின் கல்லீரலிலும் மதுவால் விளையும் சேதத்தை ஒத்த மாற்றங்கள் இருப்பதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 1980-இல் விவரித்து அதற்கு ஒரு பெயரும் இட்டனர். ‘மது அல்லாத’ என்ற அடைமொழி 2023-இல் கைவிடப்பட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த நோய் என்ற புதுப்பெயர் உலக அளவில் ஏற்கப்பட்டது. இந்திய அரசின் திட்ட ஆவணங்களில் பழைய பெயரும் புழங்குவதால் அலுவலர்கள் இரண்டையும் அறிந்திருப்பது நன்று.

இத்தகைய கல்லீரலில் ஃபெரிட்டின் மூன்று வழிகளில் உயரக்கூடும். சேதமான உயிரணுக்களிலிருந்து அது இரத்தத்தில் கசிகிறது. இரண்டாவதாக, ஃபெரிட்டின் ஓர் அழற்சிப் புரதமுமாகும். காய்ச்சலோ, நெடுநாள் புண்ணோ, பருமனால் வரும் மெல்லிய அழற்சியோ எதுவாயினும், இரும்பு கூடாமலே அதன் உற்பத்தி கூடும். மூன்றாவது வழியில் மட்டுமே இரும்பு உண்மையில் தேங்குகிறது. அழற்சியின்போது கொழுப்புத் திசுவும் நோயெதிர்ப்பு உயிரணுக்களும் வெளியிடும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் ஹெப்சிடினைத் தூண்டுகின்றன, கதவு அடைபடுகிறது, இரும்பு கல்லீரலிலும் விழுங்கணுக்களிலும் சிறைப்படுகிறது. கிடங்கில் சரக்கு இருந்தும் வண்டிகள் காலியாக ஓடுகின்றன. எலும்பு மச்சைக்கு இரும்பு போய்ச் சேர்வதில்லை. ஃபெரிட்டின் உயர்ந்தும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு இயல்பாகவோ தாழ்ந்தோ இருக்கும் இந்நிலையை, பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 1997-இல் தனியொரு நோய்க்குறித் தொகுதியாக விவரித்தனர்.

அவ்வாறு தேங்கும் இரும்பு தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. கட்டுப்படாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்னும் கொடிய உறுப்பு உண்டாகிறது. அது கொழுப்பைத் தாக்கிச் சிதைக்கும். இரும்பும் கொழுப்பும் ஒரே உயிரணுவில் கூடியிருப்பது, வைக்கோற்போருக்கு அருகில் நெருப்பை வைப்பது போன்றதே.

காரணமா, அடையாளமா?

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. கொழுப்புக் கல்லீரல் நோயுற்ற 849 பேரின் கல்லீரல் துணுக்குகள் அதில் சோதிக்கப்பட்டன. 34.5 விழுக்காட்டினரிடம் மட்டுமே இரும்பு சாயமேறித் தெரிந்தது. விழுங்கணுக்களில் இரும்பு படிந்திருந்தோரிடம் நோய் முற்றிய நிலை மிகுதியாகக் காணப்பட்டது. அதே ஆய்வுக் குழாம் 2012-இல் 628 பேரைப் பற்றிய முடிவை வெளியிட்டது. ஃபெரிட்டின் இயல்பின் மேல்வரம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல், அதாவது பெண்களுக்கு லிட்டருக்கு 300 நுண்கிராமுக்கும் ஆண்களுக்கு 450 நுண்கிராமுக்கும் மேல், உயர்ந்திருந்தால் முற்றிய நார்ப்படிவு இருக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பது அதன் முடிவு.

இவற்றைக் கொண்டு இரும்பே நோயை வளர்க்கிறது என்று முடிவு கட்டினால், இரும்பை அகற்றினால் நோய் தணியவேண்டும். அதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 74 நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் வாழ்க்கைமுறை அறிவுரை வழங்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆறு மாதங்கள் இரத்தம் வடித்து இரும்பைக் குறைத்தனர். 2015-இல் வெளியான முடிவின்படி, கல்லீரல் கொழுப்பிலோ, கல்லீரல் சேதத்திலோ, இன்சுலின் எதிர்ப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தோன்றவில்லை. ஃபெரிட்டின் மிகுதியைக் கண்டவுடன் இரத்தம் எடுக்கச் சொல்லும் வழக்கத்திற்கு இதன்பின் ஆதரவு குறைந்தது.

இந்தியரைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு. ஐரோப்பியரிடையே பரம்பரையாக இரும்பு மிகும் நோய்க்குப் பெருங்காரணமான மரபணு மாற்றம் நம் மக்களிடம் அநேகமாக இல்லை. சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனத்தினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு தெளிவானது: அழற்சியோடு கூடிய கொழுப்புக் கல்லீரல் நோய் கொண்ட இந்தியரிடம், அந்நோய்க்கும் இரும்பு மிகுதிக்கும் தொடர்பில்லை, அம்மரபணு மாற்றங்களுக்கும் தொடர்பில்லை. மேலைநாட்டுப் பாடநூலில் ஃபெரிட்டினுக்கு எதிரே எழுதியிருக்கும் பொருளை நம் ஊர்ச் சோதனைச் சீட்டில் அப்படியே ஏற்றிப் படிப்பது தவறாகிவிடும். நம்மவரிடம் அது பெரும்பாலும் அழற்சியின் குரலேயன்றி இரும்பின் குரலன்று. தலசீமியா நோயாளிகள், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டோர், மிகுதியாக மது அருந்துவோர் ஆகியோர் இதற்கு விலக்கு. கேரளத்தில் மதுவைப் பற்றிக் கேட்காமல் எந்த ஃபெரிட்டின் அளவையும் படிக்கலாகாது.

சோகைக் கணக்கெடுப்பில் நேரும் பிழை

இதுவரை கூறியது மிகுதியைப் பற்றியது. குறைவைப் பற்றிய பிழைதான் அரசுத் திட்டங்களைப் பெரிதும் பாதிக்கக்கூடியது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இரும்புக் குறைவு உடையவர்கள். பெண்களும் பருமன் மிகுந்தோருமே அவர்களுள் அதிகம். வியப்பளிப்பது என்னவெனில், அவர்களுடைய ஹெப்சிடின் தாழ்ந்திருந்தது. அழற்சி கதவை அடைக்க முயன்றாலும், உடல் உண்மையான பற்றாக்குறையை உணர்ந்து கதவைத் திறந்தே வைத்திருந்தது என்பது இதன் பொருள். ஹெப்சிடின் சோதனை நம் மருத்துவமனைகளில் அன்றாட வழக்கில் இல்லை. ஃபெரிட்டினோ உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு இடந்தந்திருக்கிறது. நலமாயுள்ள பெரியோர்க்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 நுண்கிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைவு. தொற்றோ அழற்சியோ உள்ளவர்க்கு அவ்வரம்பு 70 நுண்கிராம். மேல்வரம்பும் அவ்வாறே மாறுகிறது. நலமாயுள்ள பெண்களுக்கு 150, ஆண்களுக்கு 200 என்பது, அழற்சி உள்ளவர்க்கு 500 ஆகிறது. அழற்சியை அறியச் சி.ஆர்.பி. என்ற மலிவான இரத்தச் சோதனை போதும். 15-க்கும் 70-க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. பெரியவர்களில் பாதிப்பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கும் ஒரு மாவட்டத்தில், 15 என்ற ஒரே கோட்டைக் கொண்டு அளந்தால், இரும்பு வேண்டியிருக்கும் பல பெண்கள் ‘போதுமான இரும்புள்ளோர்’ பட்டியலில் சேர்ந்துவிடுவர்.

2016-18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் ஃபெரிட்டினோடு சி.ஆர்.பி.யையும் சேர்த்தே அளந்தது. வளரிளம் பருவத்தினரில் 22 விழுக்காட்டினர்க்கு இரும்புக் குறைவு இருப்பதாகவும், 28 விழுக்காட்டினர் சோகையுற்றிருப்பதாகவும் அது கண்டது. சோகையும் இரும்புக் குறைவும் ஒன்றையொன்று முழுவதும் மூடிக்கொள்ளும் வட்டங்கள் அல்ல என்பதை இதனால் உணரலாம். பெரியவர்களுக்கான கணக்கெடுப்புகளிலும் இம்முறையே பின்பற்றப்படுவது விரும்பத்தக்கது. கூடவே இடுப்புச் சுற்றளவையும் குறித்துக்கொண்டால் செலவும் இல்லை.

இதைக் கேட்டு, கொழுப்புக் கல்லீரல் உடையவர்க்கு இரும்பு மாத்திரையால் தீங்கு நேருமோ என அஞ்சி அதை நிறுத்திவிடுவோரும் உண்டு. 2018-இல் தொடங்கிய சோகையற்ற பாரதம் திட்டத்தின்கீழ் வளரிளம் பருவத்தினர்க்கு வாரம் ஒரு மாத்திரையும், கருவுற்ற பெண்களுக்கு 180 நாள்களுக்கு நாள்தோறும் ஒரு மாத்திரையும் வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. குறைவுள்ளவரின் உடலில் அது சிவப்பணுவாக மாறுமேயன்றிக் கல்லீரலில் குவியாது. கேரள அரசு 2023-இல் தொடங்கிய ‘விவ’ இயக்கமும் சோகை ஒழிப்புக்கானதே. ‘விளர்ச்சயிலிருந்து வளர்ச்சிக்கு’ என்னும் பொருள்படும் மலையாளத் தொடரின் சுருக்கம் அது. விளர் என்ற சொல் வெளுப்பைக் குறிப்பது தமிழர்க்கும் தெரிந்ததே.

சோற்றை முதன்மையாகக் கொண்ட உணவில் உள்ள இரும்பு குறைவாகவே உடலில் ஏறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரை, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை என்கிறது. உண்டதில் 8 விழுக்காடே உட்கொள்ளப்படும் என்ற கணிப்பின்மேல் அமைந்தது இது. உணவோடு தேநீர் அருந்தும் வழக்கம் அந்த 8 விழுக்காட்டையும் குறைக்கிறது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் கூட்டுகின்றன. கடலோர மாவட்டமாகையால் மீன் எளிதிற் கிடைப்பது திருவனந்தபுரத்திற்கு ஒரு நற்பேறு.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

மாணவர்க்குப் பயன்படும் பொருட்டு இரண்டு கற்பனைச் சீட்டுகளைப் படித்துப் பார்க்கலாம். ஒரே வீட்டைச் சேர்ந்த கணவன் மனைவி இருவருக்கும் மீயொலிச் சோதனையில் கல்லீரல் கொழுப்பு தெரிகிறது எனக் கொள்வோம்.

மனைவிக்கு வயது 42. ஹீமோகுளோபின் 10.8 கிராம், ஃபெரிட்டின் 48 நுண்கிராம், சி.ஆர்.பி. உயர்ந்திருக்கிறது. இரத்தநீர் இரும்பு டெசிலிட்டருக்கு 45 நுண்கிராம். அதைப் பிணைக்கும் மொத்தத் திறன் 390. முன்னதைப் பின்னதால் வகுக்க, செறிவு 11.5 விழுக்காடு. ஃபெரிட்டினை மட்டும் பார்த்தால் கிடங்கு காலியாகவில்லை என்று தோன்றும். வண்டிகளோ காலி. அழற்சி உள்ளவர்க்குரிய 70 என்ற வரம்பையும் எண் எட்டவில்லை. இவருக்கு இரும்பு கொடுக்க வேண்டும். மாதவிடாய்ப் போக்கு மிகுதியா என்றும் கேட்க வேண்டும்.

கணவருக்கு வயது 50, மது அருந்துவதில்லை. ஃபெரிட்டின் 480. இரத்தநீர் இரும்பு 95, பிணைக்கும் திறன் 320. எனவே செறிவு 29.7 விழுக்காடு, இயல்பானது. இரும்பு மிகும் பரம்பரை நோயாயின் அது 45-க்கு மேல் ஏறியிருக்கும். ஆகவே இரத்தம் வடிப்பதில் பொருளில்லை. பார்க்கவேண்டியது வேறு எண்கள். ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, தட்டணுக்கள் கனமில்லிமீட்டருக்கு 2 இலட்சம். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கினால் 2,400. ஏ.எல்.டி.யின் வர்க்கமூலமான 8-ஐத் தட்டணு எண்ணிக்கையால் (ஆயிரக் கணக்கில் 200) பெருக்கினால் 1,600. முன்னதைப் பின்னதால் வகுக்க 1.5 கிடைக்கிறது. ஃபிப்-4 எனப்படும் இந்தக் குறியீடு 1.3-க்குக் கீழிருந்தால் முற்றிய நார்ப்படிவு இருக்கும் வாய்ப்புக் குறைவு. இவருக்கு அது கடந்துவிட்டது. கல்லீரலின் விறைப்பை அளக்கும் கருவியுள்ள மருத்துவமனைக்கு இவரை அனுப்ப வேண்டும். ஃபெரிட்டின் 480 என்பதைக் கண்டு அஞ்சிய அக்குடும்பம், 1.5 என்பதைக் கவனியாமல் விட்டிருக்கக்கூடும்.

இந்தக் கணக்கிற்குச் சிறப்புச் சோதனை எதுவும் தேவையில்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் நோயை இந்திய அரசு 2021 பிப்ரவரியில் சேர்த்தது. கேரளத்தில் 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தால் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தப்பட்டு வந்துள்ளன. சோகைக்கு வரும் பெண்ணும் நீரிழிவுக்கு வரும் ஆணும் ஏறுவது அதே படிகளைத்தான். அவர்களுடைய பதிவேடுகள்தாம் வேறு வேறு.

மருந்தை விட எடைக் குறைப்பே இந்நோயின் முதல் சிகிச்சை. கியூபாவில் 293 நோயாளிகளை 52 வாரங்கள் கவனித்த ஆய்வில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினர்க்குக் கல்லீரல் அழற்சி நோய் நீங்கியது; 45 விழுக்காட்டினர்க்கு நார்ப்படிவும் பின்வாங்கியது. அவ்வளவு எடையைக் குறைத்தவர்கள் மிகச் சிலரே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாழ்க்கைமுறை மாற்றம் எளிதன்று என்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் வாய்ப்புள்ள 1,007 பேரிடையே, அண்டை அயலார் குழுக்கள் வழியாக உணவு, உடற்பயிற்சி பற்றிய ஒரு திட்டம் நடத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் திட்டத்தில் பங்குகொண்டோரில் 14.9 விழுக்காட்டினர்க்கும், மற்றவர்களில் 17.1 விழுக்காட்டினர்க்கும் நீரிழிவு வந்திருந்தது. புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு உறுதியானதன்று. ஆயினும் மது அருந்துவதும் புகையிலைப் பழக்கமும் குறைந்தன. காய்கனி உண்பது கூடிற்று. மது குறைந்தால் ஃபெரிட்டினும் இறங்கும் என்பதால், அடுத்த முறை அங்கே இரத்தம் எடுக்கும்போது அந்த எண்ணையும் முன்னும் பின்னும் அளந்து வைத்துக்கொள்ளலாம்.